இரண்டு மணி நேரத் தூரம்

கூடாரம் போட இடம் தேடுகிறவர்கள் சாதாரணமாகத் தண்ணீர் உண்டா, நிழல் உண்டா, கழிப்பறை சுத்தமாக இருக்குமா என்று கேட்பார்கள். நான் போன இடத்திலெல்லாம் ஒரு போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தேன். பார்த்தவர்கள் எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

என் மனைவிக்குக் கல்லீரல் கெட்டுப்போய், அதில் ஒரு சின்னக் கட்டியும் வந்து, இது மூன்றாவது வருஷம். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவளும் இருந்தாள். எங்கோ யாரோ செத்து, அவர் வீட்டார் அழுகைக்கு நடுவே சரி என்று தலையாட்டி, அந்த ஈரல் இவளுக்குப் பொருந்தினால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்க வேண்டும். போனை எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும், அதில் தயவு தாட்சண்யமே கிடையாது. அதற்காகவே தனியாக ஒரு போன் வாங்கிக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். குளிக்கப் போனாலும் பிளாஸ்டிக் பைக்குள் அது என்னோடு வரும். சார்ஜ் குறைந்து அது சத்தம் போடும்போதெல்லாம், "உங்க சின்ன வீடு சிணுங்குது, போய் என்னன்னு கேளுங்க" என்பாள் இவள்.

ஒரு தடவை அந்தப் போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினோம். இவளுக்குப் பச்சை உடுப்பு மாட்டி, கையில் ஊசி குத்தி, தள்ளுவண்டியில்கூடப் படுக்க வைத்துவிட்டார்கள். பிறகு டாக்டர் வந்து, அந்த ஈரலில் கொழுப்பு அதிகம், சரிப்படாது, வீட்டுக்குப் போகலாம் என்றார். அதற்குப் பிறகு நான் இன்னும் மோசமாகிவிட்டேன். ஊரை விட்டு நகரவில்லை. கல்யாணம், சாவு எதற்கும் போகவில்லை. சொந்தக்காரர்கள் எங்களை மறந்தே போனார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே இவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, எங்கயாவது ஒரு டென்ட் போட்டு, வெட்டவெளியில படுக்கணும் போல இருக்கு."

"எதுக்கு? வீட்டுல கொசு பத்தலையா?"

"ரெண்டு நாள்தான. இத்தனை வருஷமா எல்லா ஊர் பேரும் வாயால சொல்லியாச்சு. ஒண்ணையாவது காலால மிதிக்க வேணாமா?"

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எவ்வளவு தாமதம் என்பதையெல்லாம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வது வேலை. நகரத்தில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். உடம்பு படுத்த பிறகு வேலையை விட்டாள். குரலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இவள் படுத்த பிறகு அடக்கி வைத்திருந்தேன், அன்று வந்துவிட்டது. இந்த உடம்போடு காட்டில் போய்ப் படுக்கிறதாவது என்று கத்தினேன். அவள் துணியையே மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். மறுநாள் மேப்பை விரித்து உட்கார்ந்தேன்.

நகரத்துக்குப் பக்கத்தில் என்று விளம்பரம் செய்கிறவர்கள் எல்லாம் போகிற தூரத்தைத்தான் சொல்கிறார்கள், வருகிற தூரத்தைச் சொல்வதில்லை. எனக்கு வேண்டியது வருகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நகரமே வீடு திரும்பும்போது, கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடத்திலிருந்துகூட வந்து சேர உயிர் போய்விடும். அதனால் வாரநாள் என்று முடிவு செய்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. கம்பெனி வேன் இருந்தது, எந்தச் சந்தில் போன் செத்துப்போகும் என்ற அனுபவமும் இருந்தது. வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டிப் பார்த்தேன்.

முதல் இடம் நெடுஞ்சாலையை ஒட்டி, லாரி எடை போடும் மேடைக்குப் பின்னால் இருந்தது. கார் நிறுத்துகிற மாதிரி சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு கோட்டுக்குள் ஒரு கூடாரம் என்று வைத்திருந்தார்கள். சிக்னல் பிரமாதம். வீட்டுக்கு வந்து, கோடு போட்டவனைத் திட்டிக்கொண்டே சொன்னேன்.

"இதுக்கு நான் எங்க பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுலயே படுத்துக்கறேன்" என்றாள். "அங்கயாவது தெரிஞ்ச முகம் நாலு இருக்கும்."

இரண்டாவது இடம் எவ்வளவு அழகு என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. மலைச்சரிவு, மரங்கள், கீழே ஓடை. வண்டியை விட்டு இறங்கியதும் எனக்கே மனசு லேசானது. போனைப் பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை. நிர்வாகியிடம் கேட்டேன்.

"இங்க டவர் கிடையாது சார்" என்றான் அவன், பெருமையாக. "அதுக்காகத்தான் எல்லாரும் இங்க வர்றாங்க. ரெண்டு நாள் போன் இல்லாம நிம்மதியா இருக்கலாம்."

"நிம்மதி யாருக்குய்யா வேணும்?" என்று கத்தினேன். பாவம், அவன் என்ன செய்வான்? காசு தராத ஆளிடம் எதற்குப் பேச்சு வாங்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டான். வீட்டுக்கு வந்தும் என் கோபம் அடங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். போன் எடுக்காத இடத்துக்குப் பணம் வேறு வாங்குகிறான் என்றேன். இவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கதை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சரி, அடுத்த இடத்துல எவன் மாட்டப்போறான்?" என்றாள்.

மூன்றாவதாகக் கிடைத்தது ஒரு நீர்த்தேக்கத்தின் கரை. தலைக்கு மேலே மின்சாரக் கம்பிகள் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன. தண்ணீரில் பாதி வற்றி, சேறு தெரிந்தது. அழகு என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. ஆனால் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருந்தது, அதன் மேல் ஏறி நின்றால் போன் தெளிவாக எடுத்தது. கூடாரத்தை அந்த மேட்டுக்கு அடியிலேயே போட்டுக்கொண்டு, பெரும்பாலும் நான் மேலே உட்கார்ந்திருந்தால் தீர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் தாராளமாக வந்துவிடலாம். அங்கேயே முன்பணம் கட்டிவிட்டேன். எனக்குப் பரீட்சையில் பாஸ் செய்த மாதிரி இருந்தது.

கூடாரம் மச்சினனுடையது. அவனை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம், எதற்குமே அவசரப்படாதவன் என்பதால். போன மாதம் இவளுடைய ஸ்கேனுக்கு அவன்தான் துணைக்குப் போனான். அன்று பார்த்து எனக்கு ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். ராத்திரி நான் வீடு திரும்பியதும், மச்சினன் காரிலேயே தூங்கிவிட்டான் என்று இவள் சொல்லிச் சிரித்தாள். ஸ்கேன் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "எப்பவும் போலதான்" என்றாள்.

புதன்கிழமை காலையில் கிளம்பினோம். முன் இருக்கையைச் சாய்த்து, தலையணை வைத்து, அவளைப் படுத்தவாக்கில் உட்கார வைத்தேன். பாதி வழியிலேயே அவள் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன். திரும்பிவிடலாமா என்று கேட்டதற்கு, "ஓட்டுங்க பேசாம" என்றாள்.

போய்ச் சேர்ந்ததும் மடக்கு நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டுக் கூடாரத்தை அடித்தேன். அங்கே எங்களைத் தவிர யாருமில்லை. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேட்டின் மேல் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அதுவும் அவர்கள் விதிதான். வெளியூரில் தங்கினால் எங்கே இருக்கிறோம் என்று ஈரல் மாற்றுப் பிரிவு சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்தில் சொல்வதற்கு எனக்கு ஒரு சந்தர்ப்பமே வாய்த்ததில்லை. அதனால் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன். இடத்தின் பெயர், வழி, எந்தப் பாலம் வழியாக வருவேன் என்பதுவரை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சிஸ்டர், கேக்குதா? இங்க சிக்னல் நல்லாத்தான இருக்கு?"

"கேக்குது சார்." பிறகு மெதுவாக, "மேடம் உங்ககிட்ட எதுவும் பேசலையா?" என்றாள்.

"என்ன பேசணும்?"

"அவங்களே சொல்றேன்னு சொன்னாங்க சார். அதனாலதான் நாங்க..."

"என்ன சொல்லணும்? நீங்க சொல்லுங்க. நான் அவ புருஷன்."

அவள் சொன்னாள். பாவம், இதமாகத்தான் சொன்னாள். போன மாத ஸ்கேனில் ஈரலில் இருந்த கட்டி வெளியேயும் பரவியிருந்தது. இனி மாற்றி வைத்துப் பயனில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்து, பெயரை எடுத்துவிட்டார்கள். வலிக்கு மட்டும் மருந்து. "நாங்க இனிமே கூப்பிட மாட்டோம் சார்" என்றாள்.

சிஸ்டருக்கு நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். மேட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பயமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் சுபாவத்துக்குக் கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டாள்.

"சொல்லிட்டாங்களா?"

"ஊருக்கெல்லாம் மைக் போட்டுச் சொன்னவதான நீ? அஞ்சு நிமிஷம் லேட்டுனாகூட சொல்லுவியே! கட்டினவன்கிட்ட இதைச் சொல்ல உனக்கு வாய் வரலையா? ஒரு மாசமா நான் இந்தப் போனைக் கட்டிக்கிட்டு அழறேன், நீ பாத்துட்டு உக்காந்திருக்க. நான் என்ன கேனையனா?"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். கேட்க ஆளில்லாத இடம், தொண்டை கிழியும் வரை கத்தினேன். அவள் தடுக்கவில்லை. நான் மூச்சு வாங்க நின்றபோது, பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"ஸ்கேன் முடிஞ்சு வந்த அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். "நீங்க லேட்டா வந்தீங்க. அந்தக் குழந்தையை வெளிய எடுத்த கதையைச் சொன்னீங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் இந்த டென்ட் பேச்சை எடுத்தேன். எங்கயாவது போய் உக்காந்து சொல்லலாம்னு. நீங்க மேப்பை விரிச்சீங்க."

"விரிச்சா?"

"ஒவ்வொரு இடத்துக்கும் போய்ட்டு வந்து ஒருத்தனைத் திட்டினீங்க. லாரி மேடைக்குப் பின்னால கோடு போட்டவனை, மலைமேல இருக்கறவனை. மூணு வருஷமா நீங்க வீட்டுல யாரையும் திட்டல. என்னைக்கூட திட்டல. ஆஸ்பத்திரிக்கு வந்த விருந்தாளி மாதிரி மெதுவா நடப்பீங்க, மெதுவா பேசுவீங்க. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. இந்த இடம் தேடின நாலு வாரமும் நீங்க பழைய ஆளா இருந்தீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

தலையைத் திருப்பினேன். அப்போதுதான் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்தேன். வெடித்த சேறு. மேலே கம்பிகளின் இரைச்சல். காற்று திரும்பும்போதெல்லாம் கழிப்பறை நாற்றம். மூன்று வருஷம் கழித்து அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு நான் கொண்டுவந்து உட்கார வைத்த இடம் இது. இதை நான் அவளுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காகத் தேர்ந்தெடுத்தேன். இந்த மூன்று வருஷமும் நான் பார்த்துக்கொண்டது அவளையா, அந்தப் போனையா என்று நினைத்தபோது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

குனிந்து கூடாரத்தின் முளை ஒன்றைப் பிடுங்கினேன்.

"என்ன பண்றீங்க?"

"கிளம்பு. இது ஒரு இடமா? நாய்கூட இங்க படுக்காது." இரண்டாவது முளையையும் பிடுங்கினேன். கூடாரத்தின் ஒரு பக்கம் தொய்ந்து விழுந்தது. "எங்க போகணும், சொல்லு. கடலா, மலையா? எவ்ளோ தூரமா இருந்தாலும் பரவால்ல. ராத்திரி பகலா ஓட்டறேன். இனிமே நம்மள யாரு கேக்கப் போறா? எங்க வேணா போலாம்."

அவள் உண்மையாகவே யோசித்தாள். கண் எங்கேயோ போனது, முகம் கொஞ்சம் மலர்ந்ததுகூட எனக்குத் தெரிந்தது. எந்த ஊரை நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு நாற்காலியில் லேசாக அசைந்து உட்காரப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க வந்து சேர்றதுக்குள்ளயே எனக்கு உயிர் போய்டுச்சுங்க" என்றாள். "இதுக்கு மேல வண்டியில உக்கார முடியாது. இவ்ளோதான் என்னால வர முடியும்."

பிடுங்கிய முளைகள் கையில் இருந்தன. மண்டியிட்டு, பழைய குழிகளைத் தேடி, ஒவ்வொன்றாக வைத்து அடித்தேன்.