வலம் போன இயக்குநர்

மார்ச் ஒன்பதாம் தேதி மாலை, நகராட்சி அரங்கில் நாட்டிய நாடகக் குழுவின் ஆண்டு விழா நடந்தது. அந்த ஆண்டு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனம் கற்பித்த இயக்குநர், அவர்களோடு நடுநாயகமாகத் தானும் ஆடினார். யாருக்கும் முதுகு காட்டிப் பழக்கமில்லாத கலைஞர் என்பதால், வகுப்பில் பிள்ளைகளுக்கு எதிரே நின்றே ஆடிக்காட்டியிருந்தார். மேடையில் எல்லோரும் சபையைப் பார்த்து நின்றார்கள். அவர் வலப்பக்கம் பாய்ந்தார். பிள்ளைகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் பழகியபடியே இடப்பக்கம் பாய்ந்தார்கள். பிள்ளைகளில் ஒருத்தியான, தையற்காரர் ஒருவரின் மகள்மேல் மோதி இயக்குநர் விழுந்தார்.

திரை இறங்கியதும், "இவ இனிமே வகுப்புக்கு வரவேண்டாம்" என்று கத்தினார்.

"கூடம் கோணல்னு சொல்லிக் கேட்டிருக்கேன் மாஸ்டர். பிள்ளை கோணல்னு இப்பதான் கேக்குறேன்" என்றார் தையற்காரர்.

ஆண்டறிக்கையில் விழா 'மாபெரும் வெற்றி' என்று அச்சானது. சிறுமியை மறுபடி சேர்க்கவில்லை.