சிவப்பு எண் போட்ட தகர வீடு

1.

"நம்ம மாவட்டத்துக்குக் கிழக்கு எல்லை எது?"

ஏழாம் வகுப்பில் மொக்லேஸ் சார் என்னை எழுப்பிக் கேட்டார். ஜமுனா ஆறு என்று எனக்குத் தெரியும், வாய்தான் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நான் பள்ளிக்கும் வரவில்லை. அந்தக் கேள்விக்கு என் தாமதமான பதில் இந்தக் கதை. (ஜமுனா அதற்குள் இடம் மாறிவிட்டது. பதில் இப்போது தப்பு.)

2.

முதல் தொடக்கம்: 'நதி சூழ்ந்த இம்மாவட்டத்தில் இயற்கை எழில் கொஞ்சி...'

அந்த இயற்கைதான் போன மழைக்கு எங்கள் அடுப்பங்கரையைக் கொண்டுபோனது. வேண்டாம்.

இரண்டாவது: 'மர்ஜினாவின் மான்விழிகள்...'

மர்ஜினா ஆபா (அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பக்கத்து வீடு. அவள் முறைத்தால் வாத்துகள் ஓடும். படித்தால் கொன்றுவிடுவாள் என்று இதையும் அடித்தேன். (அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் பயத்துக்கு அது தெரியாது.)

3.

சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

கரை இடிந்ததும் வீடுகளைப் பிரித்துப் படகில் ஏற்றி, அக்கரை மணல்திட்டில் நட்டோம். அக்கரை வேறு மாவட்டம். மர்ஜினாவின் தகரச் சுவரில் பழைய மாவட்டம் போட்ட சிவப்பு வீட்டு எண்ணும் கூடவே வந்தது. அவசரத்தில் தகரத்தைத் தலைகீழாக அடித்துவிட்டோம்.

எங்களைப் போலவே கரை மாறிய மொக்லேஸ் சார், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தார். ஒரு கையில் துடைக்கும் துணி, மறுகையில் புது எண் போட நீலச் சாயத் தூரிகை.

"இந்த எண்ணை அழிக்கணும், மர்ஜினா. அழிச்சாத்தான் இந்த மாவட்டக் கணக்குல வருவே. வந்தாத்தான் வெள்ள அரிசி."

"அழிக்காதீங்க சார்."

"வெச்சு? சோத்துக்குத் தொட்டுக்கப் போறியா?"

"சிட்டகாங்குக்குப் பழைய கப்பல் உடைக்கிற வேலைக்குப் போனப்ப, அவரு இந்த எண்ணைத்தான் மனப்பாடம் பண்ணிட்டுப் போனாரு. திட்டு முழுக்க ஒரே தகரம். எந்த வீடுன்னு தேடுவாரு?"

"தலைகீழா இருக்கு. உன் வீட்டுக்காரன் தலைகீழா நின்னுதான் தேடணும்."

"நிப்பாரு."

சார் தூரிகையைத் தாழ்த்தினார். "போன் வருதா?"

"போன வருஷத்தோட நின்னு போச்சு."

"வீட்டுல எத்தனை பேர்?"

"நாலு."

"நேத்து ராத்திரி இங்க படுத்தவங்களை மட்டும்தான் எழுதணும். நீ, ரெண்டு பிள்ளைங்க. மூணு."

"அப்ப வாத்தையும் எழுதுங்க. அதுவும் இங்கதான் படுத்துச்சு."

4.

சில முடிவுகள்:

(அ) அந்த நேரம் பார்த்துக் கணவன் படகிலிருந்து இறங்குகிறான். எழுதும்போது அழுதேன். என் கதைகளில் மட்டும்தான் படகு நேரத்துக்கு வருகிறது.

(ஆ) பிள்ளைகளின் பசிக்காக மர்ஜினா தானே எண்ணைத் துடைக்கிறாள். தியாகத்தின் திருவுருவாய்... (மன்னித்துவிடு, ஆபா.)

(இ) பக்கத்து வீட்டுப் பெண் துணிந்து எழுந்து சாரிடம் நியாயம் பேசுகிறாள். இதற்கு நானே சிரித்துவிட்டேன். அவள் வாத்துக்குத் தவிடு பிசையும் சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

5.

சார் சுவருக்கு எதிரே நின்றார். அவர் முதுகு மறைத்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தாளில் மூன்று எழுதினாரா, நான்கா? நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்று என்று எழுத என் கை வரவில்லை. நான்கு என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

திரும்பியவர் என் எதிரே வந்து நின்றார். கிழக்கு எல்லையைத்தான் கேட்கப்போகிறார் என்று சட்டியோடு எழுந்து நின்றேன். அவர் விரலில் நீலச் சாயம். துணி மடிப்புக் கலையாமல் வெள்ளையாகவே இருந்தது.

அப்படியே படகை நோக்கிப் போனார்.