முதலில் மேல் பிளக்

என் சகலைக்கு வாய் ஓயாது. பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவார் என்று என் மனைவியின் அக்கா சொல்லியிருக்கிறார். அவரைக் கட்டிக்கொண்டவர், அவருக்குத் தெரியாதா. அன்று மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டில், சகலையின் புத்தம் புது ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் நான் மல்லாந்து கிடந்தேன். அவர் என் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. இரண்டே சீட். கையால் கியர் போடுகிற வண்டி. பத்து நாளாக இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது, கியர் ஆயிலை மாற்றிக் கொடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். கூடவே ஒரு தூண்டிலும் போட்டிருந்தார். இந்த மாதிரி கார்களை மட்டும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் முதலாளி ஒருவர் நான்கு மணிக்கு வருவார், என் வேலையைப் பார்ப்பார், வண்டியை ஓட்டிப் பார்ப்பார், பிடித்திருந்தால் எனக்கு அங்கே வேலை. எந்நேரமும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பதால் அந்த மனிதருக்குக் கையுறைக்காரர் என்றே பெயர். "லாரி மெக்கானிக்கா? முரட்டுக் கையா இருக்குமே" என்று அவர் முதலிலேயே முகம் சுளித்தாராம். அதையும் சகலை ஒன்று விடாமல் என்னிடம் சொல்லியிருந்தார்.

இருபத்திரண்டு வருடம் லாரி கியர் பாக்ஸ் பிரித்துக் கோத்தவன் நான். டிப்போவை மூடி எட்டு மாதம் ஆகிறது. வேலையில்லாமல் வீட்டில் இருப்பவனிடம் எல்லோரும் திடீரென்று மரியாதையாகப் பேசுவார்கள். என் மனைவிகூட, "நீங்க ஓய்வெடுங்க" என்கிறாள். அதைவிட அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இந்த வேலை எனக்கு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கியர் பாக்ஸில் இரண்டு பிளக், அதாவது திருகு மூடிகள், இருக்கும். அடியில் இருப்பதைக் கழற்றினால் ஆயில் வடியும். பக்கவாட்டில் சற்று மேலே இருப்பதைக் கழற்றி அது வழியாகப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். எப்போதும் மேல் பிளக்கைத்தான் முதலில் திறக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு, மேலே திறக்க வரவில்லையென்றால் வண்டி அங்கேயே கிடக்கவேண்டியதுதான். ஊற்றவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் இந்த வரிசையை நான் ஒரு நாளும் மாற்றியதில்லை.

"சகல, முதல்ல கீழ வடிச்சிடுங்க. இப்பதான் ஓட்டி சூடு பண்ணிட்டு வந்தேன். சூடு ஆறிடும்."

"மேல திறந்துட்டு வடிக்கலாம்."

"மேல எங்க ஓடியா போகப்போகுது? சூட்டோட வடிச்சாத்தான் அடியில தங்கினதெல்லாம் வரும்னு போட்டிருக்கான். இருங்க, படிக்கிறேன்."

போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். படித்து முடித்துவிட்டு மறுபடி வடிக்கச் சொன்னார். கீழ் பிளக்குக்கு உரிய ஸ்பேனரை அவரே எடுத்து என் கையில் திணித்தார். நான் அதைத் தரையில் வைத்தால் திரும்ப எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். பதினோராவது தடவை "சூடு ஆறுது சகல" என்றபோது, இந்த மனிதர் வாய் மூடினால் போதும் என்று கீழ் பிளக்கைக் கழற்றிவிட்டேன். ஆயில் அளவுக் கேனுக்குள் ஒழுகியது. கொஞ்ச நேரத்திலேயே சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டது. சீக்கிரம் நின்றுவிட்டதே என்று மனதில் பட்டது. எரிச்சலில் அதைக் கவனிக்கவில்லை. கீழ் பிளக்கில் இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத்தைத் துடைத்து, திரும்ப மாட்டி இறுக்கினேன்.

பிறகு மேல் பிளக்கின் அறுகோணக் குழியில் ஆலன் கீயை நுழைத்துத் திருப்பினேன். அது பிடிமானமே இல்லாமல் வழுக்கிச் சுற்றியது.

இன்னொரு முறை, இன்னும் மெதுவாகத் திருப்பினேன். அப்போதும் சுற்றியது. பிளக்கின் ஆறு மூலையும் மழுங்கிப் போயிருந்தன.

நான் அழுத்தவேயில்லை. அழுத்தவேயில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் எட்டு மாதமாக ஸ்பேனர் பிடிக்காத கை, எவ்வளவு அழுத்தியது என்று அதற்கு ஞாபகம் இருக்குமா? முரட்டுக் கை என்றவர் நான்கு மணிக்கு வந்து மழுங்கிய பிளக்கைத்தான் முதலில் பார்க்கப்போகிறார். கியர் பாக்ஸுக்கு அலுமினிய உடம்பு வேறு, சுத்தியலால் தட்டிப் பார்க்கவும் பயம். உளியை வைத்தேன், எடுத்தேன். மணி மூன்றாகியிருந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"என்ன சகல, வரலியா?" என்றார் அவர். குரலில் அவசரமே இல்லை.

அந்தக் குரல்தான் என்னை உசுப்பியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிளக்கை உற்றுப் பார்த்தேன். மழுங்கிய இடத்தில் கீறல்கள் இருந்தன. இப்போது விழுந்த கீறல் என்றால் பளபளக்க வேண்டும். இவற்றுக்குள் சாலைப் புழுதி படிந்திருந்தது. வெளியே உருண்டு வந்து கேனைப் பார்த்தேன். இரண்டே கால் லிட்டர் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் இருந்தது.

"சகல, எனக்கு முன்னாடி இந்த வண்டிக்கு அடியில படுத்தது யாரு?"

நான் வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் பேசவில்லை.

"கேக்கிறேன்ல?"

"போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு" என்றார். "போன்ல படம் பார்த்து நானே பண்ணிடலாம்னு நினைச்சேன். கீழ திறந்தேன், கொட்ட ஆரம்பிச்சுது. மேல திறந்தா வரல, வழுக்கிடுச்சு. பயந்துபோய் கீழ மூடிட்டேன்."

"முக்கால் லிட்டர் குறைச்சலா பத்து நாள் ஓட்டியிருக்கீங்க! கியர் முரண்டு பிடிக்காம என்ன பண்ணும்? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கெட்டிக்காரர், எப்படியாவது திறந்துடுவீங்கன்னு நினைச்சேன். வரலன்னாலும்..."

"வரலன்னாலும்?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "லாரிக் கை, வழுக்கிடுச்சுன்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க."

அதற்காகத்தான் வடிக்கச் சொல்லி அத்தனை அவசரப்படுத்தியிருக்கிறார். மேல் பிளக்கை முதலில் தொட்டிருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும், வடிக்காமலே எழுந்திருப்பேன். எனக்கு வேலை வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டு, அவர் செய்த கோளாறை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன், வைக்காமல் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கையுறைக்காரர் அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்.

"சொல்லிடாதீங்க சகல" என்று என் முழங்கையைப் பிடித்தார். "அவகிட்ட நான் வண்டியைத் தொடவே இல்லன்னு சொல்லியிருக்கேன்."

கையுறைக்காரர் ஒல்லியான ஆள். வணக்கம்கூடச் சொல்லாமல் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே வந்து கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிளக்கோட மூலையை மழுக்கி உருட்டினது யாரு?"

நான் சகலையைப் பார்த்தேன். அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் என் மனைவியும் அவள் அக்காவும் டீயோடு ஷெட் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சகலை ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"லாரியில பழகின கை இல்லையா. கொஞ்சம் அழுத்திட்டார்."

என் மனைவியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"நான் உருட்டல" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. ஒருவரைக் காட்டிக்கொடுப்பதற்கு நான் அவ்வளவு தூரம் பழகியிருக்கவில்லை.

டீத் தட்டை வைத்திருந்த என் மனைவியின் அக்கா மூக்கை உறிஞ்சினார். "இந்த நாத்தம்தானா அது? ஏங்க, பத்து நாளா உங்க சட்டை ஒண்ணு பக்கெட்டுல ஊறிக்கிட்டுக் கிடக்கே. எத்தனை சோப்பு போட்டாலும் போகலியேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். தம்பி இன்னைக்குத்தானே வந்தார்?"

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. கியர் ஆயில் நாற்றம் துணியை விட்டு லேசில் போகாது என்று அவர் பார்த்த படத்தில் சொல்லவில்லை போலிருக்கிறது.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கையுறைக்காரர் முடிக்கவில்லை.

"சரி. வடிச்சது?"

"நான்தான்."

"மேல முதல்ல திறக்கணும்னு தெரியாதா?"

"தெரியும். பேசிக்கிட்டே இருந்தார். எரிச்சல்ல வடிச்சுட்டேன்."

"என் ஒர்க்‌ஷாப்ல வண்டிக்காரங்க எல்லாரும் பக்கத்துல நின்னு பேசுவாங்க. தினமும். அவங்க வண்டி, அவங்க பயம்." கார் சாவியை விரலில் சுற்றினார். போய்விடுவார் என்றே நினைத்தேன். "இப்ப எப்படி ஊத்துவீங்க?"

"கியர் பாக்ஸ்ல இருக்கிற ரிவர்ஸ் லைட் சுவிட்சைக் கழட்டி அந்த ஓட்டை வழியா. அளவு பார்த்து இரண்டே கால்."

"அது அலுமினிய மரை. ஒரு புரி போச்சுன்னா கியர் பாக்ஸே போச்சு."

"தெரியும்."

"அப்ப செய்யுங்க." சகலையின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அதே மாதிரி உக்காந்து பேசுங்க. நிறுத்தக் கூடாது."

நான் அடியில் போய்ப் படுத்தேன். சகலை தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் வாயைத் திறக்கிறார், மூடுகிறார். வாழ்நாள் முழுவதும் கழுத்தை அறுத்த மனிதருக்கு, எனக்குத் தேவைப்படும்போது வார்த்தை கிடைக்கவில்லை.

"பேசுங்க சகல" என்றேன். அவரைக் கெஞ்சுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. "எனக்காகப் பேசுங்க."

தொண்டையைச் செருமினார். "அந்த ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தார். ஆயில் கையில் வழிந்தது, அதைத் துடைக்கச் சட்டையைக் கழற்றியது, என்னிடம் சொல்ல மூன்று தடவை போனை எடுத்து வைத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. "உங்களை அப்படி மாட்டிவிட நினைச்சிருக்கக் கூடாது" என்றபோது சுவிட்ச் அசைந்தது. நான் நிறுத்தினேன், மூச்சு விட்டேன், கால் சுற்று பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் திருப்பினேன். மரை நோகாமல் சுவிட்ச் வெளியே வந்தது. செம்பு வாஷர் வழுக்கி விழப் பார்த்தது, சுண்டுவிரலால் தடுத்துக்கொண்டேன். குழாயை நுழைத்து, புனலில் ஆயிலை ஊற்றினேன். புது ஆயில் கேனின் கோட்டில் இரண்டே கால் லிட்டர் இறங்கியதும் சுவிட்சைக் கையாலேயே ஏற்றி, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர் வைத்தேன்.

வெளியே உருண்டு வந்தேன். கையுறைக்காரர் ஒரு கையுறையைக் கழற்றியிருந்தார். வெறும் விரலால் சுவிட்சின் அடியைத் தடவி, விரலைப் பார்த்தார். ஆயில் கசியவில்லை.

"புது பிளக் நான் கொண்டுவரேன். திங்கக்கிழமை எட்டு மணிக்கு நீங்க வந்துடுங்க" என்றார்.

என் மனைவி புடவைத் தலைப்பால் என் நெற்றியைத் துடைத்தாள். ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் சகலை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம்.