நான்கு விரற்கடை

பன்னிரண்டாம் படுக்கையின் சுப்பையாவை மாணவர்கள் எல்லோரும் அறிவார்கள். கட்கியில் ஒரு தொழிற்சாலையின் கடைசல் பட்டறையில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். ஈரலில் புற்றுநோய், மருத்துவமனையில் அவர் சேர்ந்திருப்பது இது மூன்றாம் முறை. வயிற்றைத் தடவிப் பார்க்க வருகிற எவரையும் அவர் கடிந்ததில்லை. மூச்சை எப்போது இழுக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும். தேர்வு நாளில் தயங்கி நிற்பவர்களுக்கு, விலாவுக்குக் கீழே ஈரல் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்பதையும் மராத்தியில் மெல்லச் சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை நண்பகலில் டாக்டர் ப்ரியம்வதா நடத்திய வகுப்பு பாடத்திட்டத்தில் இல்லாதது. சாகப்போகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதே பாடம். ஐந்தாண்டுகளுக்கு முன் இருபது பேர் வந்தார்கள். 2004 மார்ச்சில் அது மூவராகச் சுருங்கியிருந்தது. அந்த மாதம் ஒரு சனிக்கிழமை வந்தவன் ஔந்த்தில் வளர்ந்த தமிழ்ப் பையன் ஜெயந்த் மட்டுமே. பத்து நிமிடம் நோயாளியின் அருகில் நாற்காலியில் உட்கார வேண்டும், தொடக்கூடாது என்று சொல்லி அவனைச் சுப்பையாவிடம் அனுப்பிவிட்டு, அவள் தடுப்புத் திரைக்கு இப்பால் நின்றாள். கால்கள் வலித்தன.

சாப்பிட்டாரா என்று ஜெயந்த் விசாரித்தான். சற்று நேரத்தில் அவன் கை தானாகவே வயிற்றை நோக்கிச் சென்றது.

"இன்னைக்குப் பரீட்சை இல்லல்லா தம்பி. கைய எடுங்க."

"சாரி அங்கிள். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"தீவாளிக்கு ரெண்டு விரல்னாவ. பொங்கலுக்கு மூணு. புதன்கிழமை ஒரு பொண்ணு நாலுன்னுச்சு. பட்டறையில நூல் பிசகாம அளந்தவன் நான். அளவு கூடுதது தெரியுது. இன்னும் எத்தனை நாளுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ."

ஜெயந்த் திரையைப் பார்த்தான்.

நோயாளியே கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே அவள் சொல்லியிருந்தாள். ஆனால் விமான் நகரில் ஹோட்டல் வேலை பார்க்கும் மகன் கோவிந்தராஜ், அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டாமென்று மன்றாடியிருந்தான். அந்த மன்றாட்டு அவளுக்கும் வசதியாகவே இருந்தது. வலி அடங்கி எட்டு நாளாகியும் சுப்பையாவை வீட்டுக்கு அனுப்பாததற்குக் காரணம் வேறு. வியாழக்கிழமைத் தேர்வில் மாணவர்கள் பரிசோதிக்க வேண்டிய நோயாளிகளின் பட்டியலில் துறைத்தலைவர் பன்னிரண்டாம் படுக்கையைக் குறித்திருந்தார். இப்படியொரு ஈரல் எளிதில் அகப்படாது. இன்னும் சில சோதனைகள் பாக்கி என்று கோவிந்தராஜிடம் சொன்னவள் அவள்தான்.

திரையை விலக்கி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழ முயன்ற ஜெயந்தைக் கையமர்த்தினாள். சில வாரங்கள், மிஞ்சினால் ஒரு மாதம் என்றாள். வலிக்கான மருந்தை வீட்டிலேயே தரலாமென்றும் மகனிடம் தானே பேசுவதாகவும் சொன்னாள்.

சுப்பையா அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அப்ப இங்க எதுக்கு இருக்கேன்?"

சோதனைகள் பாக்கி என்றே இவரிடமும் சொல்லிவிடலாம். ஜெயந்த் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வியாழக்கிழமை பரீட்சை. அதுல கேஸா வைக்கத்தான் உங்கள நிறுத்தி வெச்சோம். எட்டு நாள். தப்பு என்னோடது."

"நாலு விரல் ஆனவனுக்கு எட்டு நாளு கொஞ்சமில்ல, டாக்டரம்மா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் செவிலியரின் மேசையில் அமர்ந்து, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் தாளை எழுதிக் கையொப்பமிட்டாள். தொலைபேசியில் துறைத்தலைவர் சலித்துக்கொண்டார். புதன்கிழமைக்குள் வேறொரு ஈரலைத் தேடித் தருவதாக அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்து கோவிந்தராஜிடம் பேச வேண்டும். எண்ணை அழுத்துமுன் வார்டைத் திரும்பிப் பார்த்தாள். பத்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. சுப்பையா இன்னும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். ஜெயந்த் எழுந்திருக்கவில்லை, கைகளை முழங்கால்களின்மேல் வைத்தபடி அவர் முதுகருகே உட்கார்ந்திருந்தான்.