பச்சை பூக்காத பிளக்

1

"காணி பேர்ச் ஒண்டு எழுபத்தையாயிரம்" என்றார் தரகர்.

கல்குடாவுக்குத் தெற்கே, கடலோரமாகத் தாழம்புதர் நின்ற ஒரு மணல்மேடு அது. யுத்தம் முடிந்த மறுவருடம். கரை முழுக்கக் காணி பார்க்கிறவர்களின் செருப்புத் தடம். நான் காத்தான்குடிக் கடைத்தெருவில் வளர்ந்தவன். கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்காது. "இந்த உப்பு மண்ணுக்கா?" என்று முகத்தைச் சுளித்து வைத்தேன்.

"மட்டப்படுத்தித் தருவம். மண் வெட்டுற பெக்கோவும் வந்து நிக்கிது, பாருங்க. சின்னப் பழுதுதான்."

காணியை வாங்காமல் அந்தப் பழுதை வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தக் கதை அப்படிக் கிடைத்ததுதான்.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக..." (அடித்துவிட்டேன். இந்தக் கரையில் எழுதினால் எல்லாக் கதையும் கடலில்தான் போய் விழப் பார்க்கிறது.)

இரண்டாவது: "ஒப்பரேட்டர் வினாயகமூர்த்தி மிகவும் நல்ல..." (இதையும் அடித்தேன். விற்கிறவனே நல்ல சரக்கு என்றால் யார் நம்புவது?)

மூன்றாவது: "எஞ்சின் மறுபடியும் படுத்துவிட்டது." இது இருக்கட்டும்.

3

எஞ்சின் மறுபடியும் படுத்துவிட்டது. ஓட்டமாவடி மெக்கானிக் முனாப், மீற்றர் பெட்டியோடு மணலில் இறங்கினார். பெக்கோவின் முதலாளி மர்சூக் ஏறாவூரிலிருந்து போனில் ஏற்கெனவே புலம்பித் தீர்த்திருந்தார்.

"எங்க வெட்டினாலும் ஓடுது முனாப். அந்தத் தாழைக்குக் கிட்டப் போனாத்தான் படுக்குது. பேய் புடிச்ச மெசினா இது?"

"பேய்க்குப் பழுதுக் கோட் நம்பர் வராது முதலாளி. இதுக்கு வருது."

(வாசகருக்கு ஒரு சின்ன விளக்கம். எஞ்சின் விட்ட புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்கே மூச்சாகக் கொடுக்க ஒரு வால்வு உண்டு. அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல ஒரு சென்சர். அந்தச் சென்சரின் பேச்சு நின்றால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றத் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பெக்கோ உறுமும், மண் அள்ளாது.)

முன்பு வந்தவர்கள் இரண்டு தடவை சென்சரை மாற்றியிருந்தார்கள். பிறகு வந்த ஒருவர், தகரம் வெட்டி வால்வையே அடைத்துவிடலாம் என்றாராம். முனாப் அதற்கெல்லாம் இணங்குகிறவரில்லை. பொய் சொல்கிறது என்று நிரூபிக்காமல் ஒரு சென்சரைக் கழட்டி எறிய அவருக்கு மனம் வராது. வால்வைத் திறந்து பார்த்தார், கரி கொஞ்சந்தான். வயரை மீற்றரில் பிடித்தார். ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. வயரைச் சென்சரோடு சேர்க்கிற பிளக்கை அழுத்திப் பூட்டி, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பெக்கோ முழுப் பலத்தோடு கையைத் தூக்கியது.

ஆனால் பழுதுக்கு இடம் தெரியாது. சூடு தெரியும், ஈரம் தெரியும், குலுக்கல் தெரியும். தாழை தெரியாது.

உப்பாக இருக்கும் என்று நினைத்தார். இந்தக் கரையில் எல்லோரும் முதலில் நினைப்பது அதைத்தான். எஞ்சினிலிருந்த மற்ற பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழட்டினார். உள்ளே பித்தளைக் கால்களெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. சென்சரின் பிளக்கை மறுபடி கழட்டினார். அதன் கால்கள் மட்டும் கலியாண வீட்டுக் குத்துவிளக்குப்போல மினுங்கின.

உப்புக் காற்றில் ஒரு பித்தளை மினுங்கினால், கை படுகிறது என்று அர்த்தம்.

"மூர்த்தியண்ணன்," என்றார் முனாப், தலையை நிமிர்த்தாமலே. "இத யாரு ஒவ்வொரு நாளும் கழட்டிப் பூட்டுற?"

ஒப்பரேட்டர் வினாயகமூர்த்தி பெக்கோவிலிருந்து கீழே இறங்கினார். கையிலிருந்த கிறீஸைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"நான்தான், முனாப் நானா."

"ஏன்?"

"அந்தத் தாழைக்குக் கீழ ஆக்கள் கிடக்கிறாங்க. சுனாமிக்கு மறுநாள் நான்தான் கிண்டி வச்சன். அண்டைக்கு ஊருக்குள்ள ஓடின பெக்கோ நான் ஓட்டினது மட்டுந்தான்."

"வாய் தொறந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னன். காணிக்காரர் அடையாளம் எங்க எண்டு கேட்டார். கிளுவைக் கம்பு நட்டிருந்தம். சண்டைக்குள்ள ஊரே எழும்பிப் போய்த் திரும்பி வரக்குள்ள கம்பு ஒண்டுமில்ல. வெட்ட மாட்டன் எண்டா வேற ஒப்பரேட்டர் வருவான். மெசின் படுத்தா எவன் வந்தும் வெட்ட ஏலாதே."

4

அடுத்த பக்கத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "அவருடைய மகள் மேனுகாவும் அந்தக் குழிக்குள்தான். ஏழு வயது. தலையில் சிவப்பு ரிப்பன்..."

இதையெல்லாம் எனக்குச் சொன்ன முனாப்புக்கே, அவருடைய பட்டறையில் வைத்து வாசித்துக் காட்டினேன். அவர் ஸ்பனரைக் கீழே வைத்தார்.

"மகளா? யாரு சொன்ன? அவர்ர ஆக்கள் ஒருத்தரும் அதுக்குள்ள இல்ல."

"கதைக்கு ஒரு கனம் வேணுமே நானா."

"ஏன்கா, சொந்தப் பிள்ளை கிடந்தாத்தான் மனிசன் இறங்கிப்போய்ப் பிளக்கக் கழட்டுவானா? வச்சவரு அவரு. அது காணாதா?"

கடைத்தெருப் பழக்கம். சரக்கின் மேல் நானாக ஒரு இலாபம் ஏற்றியிருந்தேன். ரிப்பனை அடித்துவிட்டேன். அடித்த கோடு தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.

5

இனி முடிவு. முனாப்பின் போன் அடித்தது. மர்சூக்.

உண்மையைச் சொன்னால் வினாயகமூர்த்தியின் வேலை போகும். இன்னொருவர் வந்து தாழையைப் பிடுங்குவார். வால்வு பழுது, புதிது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று சொன்னால் கொஞ்ச நாள் கிடைக்கும். ஆனால் பழுது கண்டுபிடிக்கத் தெரியாதவர் என்று முனாப்பின் பெயர் கெடும். வினாயகமூர்த்தி கெஞ்சவில்லை. "எனக்காகப் பொய் சொல்ல வேணாம் நானா. உங்கட பேர் கெட்டுப்போயிரும்" என்றார்.

முனாப் போனோடு கடலைப் பார்த்து நடந்தார்.

"முதலாளி, சென்சர் நல்லம். நீங்க கழட்டின பழைய ரெண்டும் நல்லம். அதுகள் சொன்னதெல்லாம் உண்மைதான்."

"அப்ப மெசின் ஏன் படுக்குது?"

முனாப் எல்லாவற்றையும் சொன்னார், கிளுவைக் கம்பு வரைக்கும்.  பதிலுக்கு மர்சூக் ஒரே ஒரு வசனம் சொன்னாராம். அது என்ன என்று முனாப் எனக்குச் சொல்லவில்லை. எவ்வளவு பேரம் பேசிப் பார்த்தும் இறங்கவில்லை.

ஆகவே நானே மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) "வேற ஒப்பரேட்டர அனுப்புறன்." பெக்கோவுக்கு மாதாமாதம் லீசிங் தவணை கட்டுகிற மனிதர். நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்று...

(ஆ) "மெசின ஏத்தி அனுப்பு. அந்த வேலையே வேணாம்." ஆனால் அடுத்த கிழமை வேறொருவரின் பெக்கோ வரும். அதை ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரிந்திராது.

(இ) "தாழையை விட்டுப்போட்டு மத்தப் பக்கம் வெட்டச் சொல்லு." இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதை நம்பவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்த கிழமை தரகர் தானாகவே போன் எடுத்தார். "உங்களுக்காக அறுபதுக்குத் தாறம்." பேரம் பேசாமலே விலை இறங்கினால் அதற்குள் ஒரு காரணம் கிடக்கும். அது என்னவென்று நான் போய்ப் பார்க்கவில்லை.

6

கணக்கு.

வரவு: நல்ல சென்சர் மூன்று.

கழிவு: பேர்ச்சுக்குப் பதினைந்தாயிரம்.

செலவு: மர்சூக்கின் அந்த ஒரு வசனம். மேலே மூன்று இருக்கின்றன. ஒன்றை நீங்கள் எடுத்து இங்கே பதியுங்கள். நான்காவது ஒன்று உங்களிடம் இருந்தால் அதையும்.

இருப்பு: குழிக்குள் எத்தனை பேர் என்று வினாயகமூர்த்தியிடம் கேட்டேன்.

"எண்ணல்ல," என்றார். "மூடினன்."

இருப்பு: ________