ஒன்பதாம் பொருள்

...இருக்கட்டும், அப்படியே அச்சேறட்டும், பிழை திருத்துகிறவளுக்கு எழுத்துப் பிழையோடு சரி, பொருட்பிழை அத்தானின் பாடு, அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் அவர்தானே... மேசையில் 'அடி' விரிந்து கிடக்கிறது, பாதம், சுவடு, கீழ்ப்பகுதி, தொடக்கம், செய்யுள் வரி, நீள அளவு, பிரம்பு தருவது, பெண்ணைக் கூப்பிடுவது, எல்லாம் அவள் வேர் தேடி அடுக்கியவை, நிலத்தில் பிறந்து காலுக்கு ஏறியதா, காலிலிருந்து அளவுக்குப் போனதா என்று கண்ணெரிய உட்கார்ந்தது அவள், முன்னுரையில் நன்றி பெற்றது காகித வியாபாரி. அத்தானிடம் கேட்டதற்கு, "வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கும்மா நன்றி?" என்றார், சிரித்துக்கொண்டே. அக்கா பக்கத்தில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அதோடு அக்காவுடன் பேச்சு நின்றது, இவள் போட்டி அகராதிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வழக்கம், திருடனைப் பிடிக்க ஒரு பொய்ப் பொருளை நடுவில் நட்டு வைப்பார்கள், பெயர்த்து எடுத்தவன் அகப்பட்டான். நட்டது அவள். அடி: கோபித்துக்கொண்ட இருவர் பேசாதிருக்கும் காலம். எந்த வாயிலும் இல்லாத பொருள், சொந்தக் கற்பனை... இப்போது கூலிக்குப் பிழை திருத்த இந்த அலுவலகத்துக்கே திரும்பி வந்தால், இதோ, அத்தானின் புதுப் பதிப்பில் ஒன்பதாவதாக அது உட்கார்ந்திருக்கிறது. புத்தகம் வரட்டும், போட்டி அகராதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு, சந்தி சிரிப்பு, அக்கா அழுவாளோ, அழட்டுமே...

அத்தான் தேநீரோடு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தனியா சிரிக்கிற? எங்க கோட்டை விட்டேன்?"

"ஒண்ணுமில்ல அத்தான். இந்தக் கடைசிப் பொருள் எங்க புடிச்சீங்க?"

"வேற எங்க, வீட்லதான். 'தங்கச்சி என்கூட அடி'ன்னு உங்கக்கா நாளைக்குப் பத்து தடவை புலம்புறாளே. அப்பா அம்மா சண்டையில சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் கண்டுபுடிச்ச வார்த்தையாமே?"

அவர் போய்விட்டார். பொய், திருடன் கூசாமல் கதை அளக்கிறான்... ஆனால் சுவரைப் பார்த்துச் சாப்பிடும் அப்பா, தட்டை ஓசையோடு வைக்கும் அம்மா, போர்வைக்குள் காதோரம் சூடாக அக்காவின் மூச்சு, என்னவோ சொன்னாளே, அவள் சொன்னாளா, நான் சொன்னேனா, அவள் சொன்னதென்றால் நான் நட்டது யாருடையது? அக்காவைக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தொலைபேசியை எடுத்தாள். தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள் அந்த எண்ணை, இப்போது முதல் இலக்கமே விரலுக்கு வரவில்லை.