விழத் தெரியாதவன்

கல்யாண வாசலில் தோற்பதற்கும் ஓர் ஆள் வேண்டும். பெத்துக்காங்கன் ஊரில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கும்போது பெண் வீட்டு வீரன் வழியை மறிப்பான். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் ஏச்சு, அப்புறம் பெக்சி அடிமுறையில் ஒரு மோதல். கடைசியில் மறித்தவன் விழவேண்டும். அவன் விழாமல் மாப்பிள்ளை உள்ளே வரமுடியாது.

சர்பினி இதுவரை மாப்பிள்ளை பக்கத்து வீரனாகவே இருந்தவன். ஊர் ஊராகப் போய் ஜெயித்து, வயிறாரச் சாப்பிட்டு வந்தவன். இப்போது கல்யாணம் அவன் அக்கா ரொம்லாவுக்கு. "என் வாசல்ல நீதான்டா நிக்கணும்" என்று அவள் சொல்லிவிட்டாள். மறுக்க வாய் ஏது? அப்பா அம்மா போனபின் விடியற்காலையில் தேங்காய்ப்பால் சோறு விற்று அவனை வளர்த்தவள் அவள். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் "தம்பி சின்னப் பையன்" என்று திருப்பி அனுப்பினாள். தம்பிக்கு முப்பது தாண்டியும் அதே பதில்தான். தங்கெராங்கில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முஹிதீன், மனைவியை இழந்தவர், விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் சம்மதம் வாங்கினார். அவளுக்கு நாற்பது ஆகியிருந்தது.

சர்பினிக்கு விழத் தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் விழுந்து விழுந்து பார்த்தான். பெக்சியில் ஒதுங்கி ஓடுகிற பேச்சே கிடையாது. காலைத் தரையில் அறைந்து உள்ளே புகுந்து முழங்கையால் இடிப்பதுதான். எதிராளியின் தோள் அசைந்தாலே நம் கை கிளம்பிவிடும். அந்தக் கையை எப்படிச் சும்மா இருக்கச் சொல்வது? தன் கவலை அதுதான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாவம்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை பக்கம் வந்து நின்றவர் லியோங். தடாப்பிலிருந்து வந்த சீனக் குடும்பத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். இந்த அடிமுறையே அவருடைய ஆட்கள் கொண்டுவந்ததுதான் என்று பெத்துக்காங்கன்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். அதைத் திருத்தியது நாங்கள்தான் என்று உடனே சேர்த்தும் கொள்வார்கள்.

சர்பினி வழியை மறித்துப் பாடினான்:

"கொளத்துல கெடக்கு வெராலு மீனு,
கொழம்பு வச்சா ஊரே மணக்கும்.
வாசலத் தாண்ட வந்தவன் நீன்னு
வாய் சொன்னாப் போதுமா, கை சொல்லணும்."

"மீனு இருக்கட்டும், மொதல்ல சோத்தப் போடுங்கப்பா" என்றார் லியோங். கூட்டம் சிரித்தது. இருவரும் கைகூப்பி நெருங்கினார்கள்.

ஒத்திகையில் பேசிவைத்தபடி லியோங்கின் கை வந்தது, சர்பினி விழவேண்டிய இடம் அது. ஆனால் அவன் முழங்கை அதற்குள் போய்விட்டது. லியோங் மல்லாந்து விழுந்தார்.

மேளம் நின்றுபோனது. சீராகக் கொண்டுவந்த முதலை வடிவ ரொட்டியை ஏந்திக்கொண்டு வெயிலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கால் வழுக்கிடுச்சு" என்று லியோங் எழுந்து தூசி தட்டினார். சர்பினியின் காதருகே வந்து, "தம்பி, இந்த நெஞ்ச வச்சுத்தான் நான் இன்னும் மூச்சு விடணும். பாத்துப் பண்ணு" என்றார்.

இரண்டாவது தடவை சர்பினி கையை அடக்கிக்கொண்டான். கால் அடங்கவில்லை. லியோங் தோள் கொடுத்துத் தள்ளினார். சுவரைத் தள்ளியதுபோல் இருந்தது.

மாப்பிள்ளையின் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எங்களுக்குப் பொண்ணு குடுக்க இஷ்டம் இருக்கா, இல்ல வண்டியத் திருப்பட்டுமா?"

முஹிதீனின் பார்வை ஜன்னலில் இருந்தது. அங்கே, முகத்தில் தொங்கும் மணிச்சரங்களை ஒரு கையால் விலக்கிக்கொண்டு ரொம்லா நின்றாள்.

"சர்பினி" என்றாள். குரல் உயரவில்லை. "கை சொன்ன பேச்சு கேக்கலியா, இல்ல நீயே கேக்கலியா?"

அவன் நிமிரவில்லை. இத்தனை பேர் நடுவில் அதைச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. "நீ போயிட்டா வீட்ல யாருக்கா இருக்கா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்திருக்கவேண்டும்.

"நீ இருக்க" என்றாள் ரொம்லா. "நான் இருந்தேன்ல. அது மாதிரி இரு."

தனியாக அவள் இருந்திருக்கிறாள் என்பது சர்பினிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவனோடுதானே இருந்தாள், அவனுக்கு அது போதும் என்று இருந்துவிட்டான். அவளுக்குப் போதுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது.

மூன்றாவது தடவை அவன் இடது கையை இறக்கினான். பெக்சி படித்த எவனும் திறந்துகாட்டாத விலாப் பக்கம் அப்படியே தெரிந்தது. லியோங் அதைப் பார்த்தார். ஓங்கிய கையை மடக்கிக்கொண்டு, அங்கே வெறும் உள்ளங்கையை மெல்ல வைத்தார்.

சர்பினி தடாலென்று விழுந்தான். மண் பறந்தது. பட்டாசு வெடித்தது, மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு விழுதலை இந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை என்று மாமாவே கைதட்டினார். முஹிதீன் அவனைச் சுற்றிக்கொண்டு, மிதித்துவிடாமல், வாசலுக்குள் போனார்.

"நான் அடிக்கவே இல்லையேப்பா" என்றார் லியோங் குனிந்து.

"பட்டுச்சுண்ணே" என்றான் சர்பினி. கண்ணைத் துடைக்கக் கை எழவில்லை. அத்தனை நேரம் அடங்காத கை.

லியோங் அவனைத் தூக்கவில்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"கெட, மெதுவா எந்திரிக்கலாம்" என்றார். "அவங்க எல்லாரும் உள்ள போகட்டும்."